நிக்கோடீமஸ்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கன்சாஸ் மாநிலத்தில், கிரகாம் மாவட்டப் புல்வெளியில் சாலமன் ஆற்றின் தென்கிளையை ஒட்டியுள்ள வேளாண் சிற்றூர். உள்நாட்டுப் போருக்குப் பின் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பின மக்கள் நிறுவிய ஊர்களில் இன்றும் ஆள் குடியிருக்கும் மிகப் பழைய ஊர் இதுவே.

ஊர்ப் பெயரை விவிலியத்து நிக்கொதேமுவோடு இணைப்போர் உண்டு. ஆனால் 1877-இல் குடியேற்றத்துக்கு ஆள் சேர்க்க அச்சிட்ட துண்டறிக்கை, ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட நிக்கோடீமஸைத்தான் பாடுகிறது. ஆகவே பெயர் அவனுடையதே.

1877 ஏப்ரலில் ஊர்மனைக் குழு அமைந்தது. அதன் 7 பேரில் 6 பேர் கறுப்பினத்தவர். கறுப்பினப் போதகரான டபிள்யூ. எச். ஸ்மித் தலைமை வகித்தார். எஞ்சிய ஒருவர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையின நில வணிகர். அப்போதைய வீட்டுநிலச் சட்டப்படி ஒரு குடும்பம் 160 ஏக்கர் வரை நிலம் கோர முடிந்தது. விடுதலை பெற்றும் பிறர் நிலத்திலேயே உழைத்துவந்த கென்டக்கி மக்களை அந்த எண்தான் இழுத்தது. செப்டம்பரில் சுமார் 300 பேர் எல்லிஸ் என்ற ஊர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நடந்து வந்தார்கள். செழிப்பான ஊர் என்று ஆசை காட்டியிருந்தார்கள்; வந்தவர்கள் கண்டதோ மரமற்ற வெட்டவெளி. பலர் மறுநாளே திரும்பிவிட்டனர். 1878 வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று தேடியதையும், கணவர் சுட்டிய திசையில் தரையிலிருந்து புகை எழக் கண்டு அழுததையும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். புகை வந்தது மண்ணைக் குடைந்து அமைத்த குழிவீடுகளிலிருந்து. பெரும்பாலோரிடம் ஏர் இல்லை. மண்வெட்டியாலும் களைக்கொட்டாலும் புற்கரணையைப் பிளந்து விதைத்தார்கள். வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் கொடுத்த இறைச்சியே முதல் குளிர்காலத்தில் உயிர்காத்தது என்று ஊரார் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள்.

கோதுமையும் மக்காச்சோளமும் விளையத் தொடங்கியதும் ஊர் நிமிர்ந்தது. தேவாலயங்கள், பள்ளி, தங்கும் விடுதி, கடைகள், 1886 முதல் செய்தித்தாள் எனப் பெருகின. 1878-இல் இங்கு குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882-இல் மாநிலக் கணக்குத் தணிக்கையராகத் தேர்வானார். கன்சாஸில் மாநில அளவிலான பதவிக்கு மக்கள் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

ரயில்பாதை வரும் என நம்பி மிசௌரி பசிபிக் நிறுவனத்துக்கு 16,000 டாலர் கடன்பத்திரம் வழங்க 1887-இல் ஊரார் வாக்களித்தார்கள். அந்தப் பாதை வரவில்லை. யூனியன் பசிபிக் 1888-இல் ஆற்றுக்குத் தெற்கே தண்டவாளம் போட்டது. அங்கே போக் என்ற ஊர் முளைத்தது. கடைக்காரர்கள் அங்கே பெயர்ந்தார்கள். ஊரைச் சரித்தது உழவர்களின் சோம்பலோ மண்ணின் வறட்சியோ அல்ல. ரயில்பாதை விலகிப் போனதுதான். உழவர்கள் நிலத்தை விடாததால் வணிகம் போயும் ஊர் அழியவில்லை.

1930-களின் புழுதிப்புயல்கள் எஞ்சியோரில் பலரையும் கலைத்தன. உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லால் 1939-இல் எழுப்பிய ஊர்மண்டபம் நிற்கிறது; அஞ்சலகம் 1953-இல் மூடப்பட்டது. 1996-இல் ஊர் தேசிய வரலாற்றுத் தலமானது. இன்று நிலையாக வாழ்வோர் மிகச் சிலரே.

மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைத்தனம் ஒழிந்த நாளையொட்டிய விழா, இப்போது ஊர்கூடும் விழாவாக ஜூலைக் கடைசியில் நடக்கிறது. முதல் குடியேறிகளின் வழிவந்தோர் பல மாநிலங்களிலிருந்தும் அதற்கு வருகிறார்கள்.