ஸ்காட்லாந்துச் சட்ட வரலாற்றில் குருதி ஈடு

முன்னுரை

கொலையை அரசுக்கு எதிரான குற்றமாகக் கருதுவது இன்றைய சட்ட மரபு. இடைக்கால ஸ்காட்லாந்தில் அது முதற்கண் ஒரு குடும்பத்திற்கு நேர்ந்த இழப்பாகக் கருதப்பெற்றது. அவ்விழப்பிற்குக் கொன்றவன் தரவேண்டிய ஈடு பிற்காலச் சட்டத்தில் ‘அசைத்மென்ட்’ எனப்பட்டது. அரசின் தண்டனை அதிகாரம் வளர்ந்த பின்னரும் இவ்வுரிமை 1976 வரை நீடித்தது. அது நீடித்ததற்கான காரணத்தையும், மறைந்தபோது எஞ்சிய வினாவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

உயிரின் விலை

ஈடு பற்றிய தொன்மையான சான்று ‘பிரித்தானியர்க்கும் ஸ்காட்டியர்க்கும் இடையிலான சட்டங்கள்’ எனும் பொருளுடைய இலத்தீன் தலைப்பால் அறியப்படும் தொகுப்பாகும். இதன் பிரெஞ்சு வடிவம் 13ஆம் நூற்றாண்டின் பெர்ன் சுவடியில் காணப்படுகிறது. கொலைக்கான ஈட்டை இது ‘குரோ’ என்கிறது. மன்னனுக்கு 1000 பசுக்கள். மன்னன் மகனுக்கும் ஏர்ல் எனும் பெருநிலத் தலைவனுக்கும் 150. தேன் எனப்பட்ட நிலக்கிழாருக்கு 100. எளிய உழவனுக்கு 16. ஆக, ஒரு மன்னனின் உயிர் அறுபதுக்கும் மேற்பட்ட உழவர்களின் உயிருக்கு ஈடாக வைக்கப்பெற்றது. மணமான பெண்ணின் ஈடு கணவனுடையதில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மணமாகாதவளின் ஈடு உடன்பிறந்தானுடையதற்குச் சமம். உயிரிழப்பின்றிக் குருதி சிந்தச் செய்த காயத்திற்கும் தகுதிக்கேற்ற அளவு உண்டு.

இப்பட்டியல் சமத்துவத்தை அறியாதது என்பது வெளிப்படை. எனினும் உழவனின் உயிருக்கும் ஒரு விலை இருந்தது. அதைக் கேட்கும் உரிமை அவன் சுற்றத்தாருக்கும் இருந்தது. பழிக்குப் பழி எனும் தொடரை இடைமறிப்பதே இவ்வேற்பாட்டின் பயன்.

அரசும் சுற்றமும்

ஸ்காட்லாந்தைத் தன் ஆட்சிக்குள் கொணர முயன்ற இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் 1305இல் இவ்வழக்கங்களைத் தடைசெய்தான். விலைப்பட்டியல் மறைந்தது, ஈடுசெய்யும் கடமை மறையவில்லை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஈட்டின் அளவு, இறந்தவரின் தகுதியையும் கொன்றவரின் வசதியையும் நோக்கி நடுவர்களால் முடிவுசெய்யப்பெற்றது. ஈட்டைப் பெற்ற சுற்றத்தார், பகை தீர்ந்ததாக ‘லெட்டர் ஆஃப் ஸ்லெய்ன்ஸ்’ எனும் முறியை எழுதித் தந்தனர். மன்னனின் மன்னிப்பைப் பெற விரும்பியவர்க்கு இம்முறி இன்றியமையாததாயிற்று. மன்னன் தன் தண்டிக்கும் உரிமையையே விட்டுக்கொடுக்க இயலும். குடும்பத்தின் உரிமையை விட்டுக்கொடுக்க இயலாது என்பதே இதன் உட்கருத்து. குற்றவாளி தூக்கிலிடப்பட்டால் ஈடு கோர இயலாது என்ற விதியும் இதனோடு இயைவதே.

ஜென்னி வொர்மால்ட் 1980இல் வெளியிட்ட ஆய்வு, குருதிப்பகையை வெறும் ஒழுங்கின்மையாகக் கருதாமல் அமைதிக்கு இட்டுச்செல்லும் நடைமுறையாகவும் காணவேண்டும் என நிறுவியது. ஆறாம் ஜேம்ஸ் காலத்து 1598ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்குச் சான்று. இருதரப்பிலும் கொலை நேராத பகையும், இருதரப்பிலும் கொலை நேர்ந்த பகையும் நடுவர் தீர்ப்புக்கு உட்படவேண்டும். ஒரு தரப்பில் மட்டும் கொலை நேர்ந்திருப்பின் பாதிக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாடலாம் என அது வகுத்தது. அரசு பழைய முறையை அழிக்காமல் தன்வயப்படுத்திக்கொண்டது.

உடன்பிறந்தோர் உரிமை

19ஆம் நூற்றாண்டில் கவனக்குறைவுக்கான இழப்பீட்டுச் சட்டம் வளர்ந்தபோது அசைத்மென்ட் வழக்கொழிந்தது. ஆனால் புதிய சட்டத்தின் எல்லை குறுகியது. இறப்பிற்கான இழப்பீடு கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர்க்கே உரியது என்றும் உடன்பிறந்தார்க்கு இல்லை என்றும் 1870இல் ஸ்காட்லாந்தின் உயர் உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய உரிமையோ உடன்பிறந்தாரையும் தழுவியது. அதனாலேயே, பணியின்போது இறந்த ஒருவரின் உடன்பிறந்தோர் ஒரு நூற்றாண்டுக்குப் பின் அசைத்மென்ட்டை நாடினர். அது குற்றச்செயலை அடிப்படையாகக் கொண்ட உரிமை. 1972இல் பிரபுக்கள் அவையில் அவ்வழக்கு தோற்றது. 1976ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து இழப்பீட்டுச் சட்டம் அவ்வுரிமையை முற்றாக நீக்கியது.

முடிவுரை

அசைத்மென்ட் நீடித்ததற்குக் காரணம், தண்டனை குடும்பத்தின் இழப்பை ஈடுசெய்யாது என்ற உணர்வே. உயிர்களைத் தரம்பிரித்த அதன் பட்டியலைச் சட்டம் கைவிட்டது தக்கதே. எனினும் இழந்தவர் யார் என்ற வினாவிற்கு அப்பழைய சட்டமே விரிந்த விடை தந்திருந்தது. 2006ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் உடன்பிறந்தாரையும், பாட்டன் பாட்டியரையும், பேரப்பிள்ளைகளையும் இழப்பின் துயருக்கு ஈடு கோரத்தக்க நெருங்கிய குடும்பத்தினராக ஏற்றது. பழைய உரிமை நீக்கப்பெற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அவ்விடைவெளி நிரப்பப்பெற்றது.