பிக்கப் வாகனங்களில் எது வேகம்? குதிரைத் திறன் சொல்வதும் சொல்லாததும்

கல்யாண மண்டபத்து வாசலில் நாலு பேர் நின்று பேசினால், அரசியல் முடிந்ததும் பேச்சு வண்டிக்கு வந்துவிடும். "ராப்டர் 397 குதிரை. உங்க ஹைலக்ஸ் அதில் பாதிதான்" என்பார் ஒருவர். "ஒரு டன் உரத்தை ஏத்திக்கிட்டு மேடு ஏறிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்" என்பார் தோட்டத்துக்காரர். இருவர் சொல்வதும் சரிதான். ஒருவர் வேகத்தைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் வேலையைப் பற்றிப் பேசுகிறார். ஒன்பது ஆண்டுத் தவணையில் கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் குதிரைக் கணக்கு. 75 கிலோ எடையை, அதாவது ஒன்றரை உர மூட்டையை, ஒரே விநாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அது ஒரு பி.எஸ். நம் நாட்டு விளம்பரங்களில் பெரும்பாலும் காணப்படுவது இந்த அளவுதான். அமெரிக்கர்கள் சொல்லும் எச்.பி. இதைவிடச் சற்றுப் பெரியது. ஆஸ்திரேலியர்கள் கிலோவாட்டில் சொல்வார்கள். ஒரு கிலோவாட் என்பது ஏறக்குறைய 1.36 பி.எஸ்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஏமாந்தவர்கள் உண்டு. 2022இல் அறிமுகமான ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரில் 3.0 லிட்டர், இரட்டை டர்போ, வி6 பெட்ரோல் இஞ்சின் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதன் திறன் 292 கிலோவாட். ஐரோப்பாவிலோ அதே இஞ்சின் 292 பி.எஸ். எண் ஒன்றுதான், திறன் ஒன்றல்ல. 292 கிலோவாட் என்பது 397 பி.எஸ். நமக்கு வந்ததும் அந்த 397 பி.எஸ். வண்டிதான். ஐரோப்பாவில் புகைக் கட்டுப்பாடு காரணமாக இஞ்சினின் திறனைக் குறைத்துவிட்டார்கள். அங்கே நூறு கிலோ மீட்டர் வேகத்தைத் தொட 7.9 விநாடி ஆகிறது. முழுத் திறன் உள்ள வண்டி ஏறக்குறைய 6 விநாடியில் தொட்டுவிடுகிறது. இணையத்தில் பார்க்கும் ஒப்பீடு எந்த நாட்டு வண்டியைப் பற்றியது என்று தெரியாமல் வாதம் செய்தால் வீண் சண்டைதான்.

அடுத்தது டார்க் எனப்படும் முறுக்கு விசை. ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால், நட்டின் மீது விழும் முறுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். ஹைலக்ஸ் 2.8 லிட்டர் டீசல் இஞ்சினின் முறுக்கு 500 நியூட்டன் மீட்டர், அதாவது அந்த ஸ்பானரில் 51 கிலோ. ராப்டர் வி6 பெட்ரோலில் 583. குதிரைத் திறனில் ஒன்று மற்றதில் பாதி, முறுக்கிலோ இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை. அந்த முறுக்கு எப்போது கிடைக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். ஹைலக்ஸ் தன் முழு முறுக்கையும் நிமிடத்திற்கு 1,600 சுற்றிலேயே கொடுத்து, 2,800 வரை பிடித்து வைத்திருக்கிறது. ராப்டர் வி6 தன் உச்ச முறுக்கை 3,500 சுற்றில் தொடுகிறது. அதன் 397 குதிரையும் வெளியே வர 5,600 சுற்றுக்கு மேல் போக வேண்டும்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பாரத்தோடு ஏறியவர்களுக்கு இது கணக்குப் போடாமலே புரியும். வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து, இஞ்சின் இரண்டாயிரம் சுற்றை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் டீசலுக்கு மூச்சு வாங்காது. கணக்கு வேண்டுமென்றால், முறுக்கைச் சுற்றால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 1,600 சுற்றில் ஹைலக்ஸ் தருவது 84 கிலோவாட், அதாவது 114 பி.எஸ். காகிதத்தில் இருக்கும் 204 பி.எஸ். முழுவதும் வர 3,000 சுற்றைத் தாண்ட வேண்டும். மலையேற்றத்தில் நாம் உண்மையில் பயன்படுத்துவது காகிதத்து எண்ணை அல்ல.

நம் சாலைகளில் காணும் மற்ற டீசல் வண்டிகளும் இதே வட்டத்துக்குள்தான் இருக்கின்றன. இரட்டை டர்போ ரேஞ்சர் 210 பி.எஸ்., 500 நியூட்டன் மீட்டர். புதிய டிரைட்டனின் உயர்ரகம் 204 பி.எஸ்., 470. டி-மேக்ஸ் 3.0 லிட்டர் 190 பி.எஸ்., 450. நூறைத் தொட இந்த வகை வண்டிகளுக்குப் பத்து விநாடி முன்பின் ஆகும். இவற்றில் எது வேகம் என்று அடித்துக்கொள்வது, என்னைக் கேட்டால், நேரத்துக்குப் பிடித்த கேடு.

2018இல் வந்த முதல் ராப்டர் இதற்கு நல்ல சாட்சி. அகன்ற உடல், பெரிய டயர், விலை உயர்ந்த ஷாக் அப்சார்பர் எல்லாம் இருந்தும், அதில் இருந்தது 213 பி.எஸ். டீசல் இஞ்சின்தான். உடல் எடையும் கூட. எனவே நூறைத் தொட அதுவும் பத்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. தோற்றத்தைப் பார்த்து அதை வேக வண்டி என்று நம்பியவர்கள் பலர். கரடுமுரடான பாதையில் துள்ளாமல் விரைவாகப் போவதற்காகச் செய்த வண்டி அது. நெடுஞ்சாலைப் பந்தயத்துக்காகச் செய்ததல்ல.

உண்மையான வேகப் பிக்கப்களின் கதை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தது. 1991இல் ஜி.எம்.சி. சைக்ளோன் என்ற சிறிய பிக்கப் வந்தது. 4.3 லிட்டர் வி6 டர்போ இஞ்சின், 280 எச்.பி., நான்கு சக்கரத்துக்கும் இயக்கம். அந்நாட்டு வாகன இதழ் ஒன்று அதை ஃபெராரி 348உடன் கால் மைல் ஓடவிட்டது. பிக்கப் 14.1 விநாடியில் வந்தது, ஃபெராரி 14.5 விநாடியில் வந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. அந்தச் சைக்ளோன் ஏற்றக்கூடிய பாரம் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ மட்டுமே. பெரிய ஆட்கள் மூன்று பேரின் எடை.

பிறகு டாட்ஜ் நிறுவனம் 8.3 லிட்டர் வி10 இஞ்சினைப் பிக்கப்பில் வைத்தது. 2004இல் அந்த ராம் எஸ்.ஆர்.டி.-10 மணிக்கு 248.8 கிலோ மீட்டர் ஓடி உலகச் சாதனை படைத்தது. இரண்டே ஆண்டில், 2006இல், ஆஸ்திரேலியாவின் எச்.எஸ்.வி. மாலூ மணிக்கு 271.44 கிலோ மீட்டர் ஓடி அதை முறியடித்தது. மாலூ பெயருக்குத்தான் பிக்கப், உண்மையில் காருக்குப் பின்னால் தொட்டி வைத்தது போன்ற யூட் வகை.

குதிரைத் திறனும் உச்ச வேகமும் ஒன்றல்ல என்பதற்கு 702 எச்.பி. கொண்ட ராம் டி.ஆர்.எக்ஸ். ஓர் எடுத்துக்காட்டு. மணிக்கு 60 மைல் வேகத்தை 4.5 விநாடியில் தொடும் என்று நிறுவனம் சொன்னது. உச்ச வேகமோ ஏறக்குறைய 190 கிலோ மீட்டர். 500 எச்.பி. கொண்ட பழைய எஸ்.ஆர்.டி.-10 அதைவிட ஐம்பது கிலோ மீட்டருக்கு மேல் வேகமாக ஓடியிருக்கிறது. ராப்டர் வி6 வண்டிக்கும் 180 கிலோ மீட்டரில் கடிவாளம் போட்டிருக்கிறார்கள்.

இங்கே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கர்கள் சொல்வது 60 மைல், அதாவது 96.6 கிலோ மீட்டர். நாம் சொல்லும் நூறு அல்ல. வண்டி நகரும் முதல் ஓரடிக்கான நேரத்தையும் அவர்களில் பலர் கழித்துவிடுவார்கள். 2023 நவம்பரில் டெஸ்லாவின் சைபர்டிரக் ஒரு போர்ஷே காரை இழுத்துக்கொண்டே இன்னொரு போர்ஷேயை முந்திய காட்சி உலகம் முழுவதும் பரவியது. கால் மைல் என்று சொல்லப்பட்ட அந்த ஓட்டம் உண்மையில் அரைக்கால் மைல் என்பது பிறகு தெரிய வந்தது.

மின்சார வண்டி நிற்கும் நிலையிலிருந்தே முழு முறுக்கையும் தருவதால், தொடக்க வேகத்தில் டீசல் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ரிடாரா ஆர்.டி.6இன் நான்கு சக்கர இயக்க வகை 428 பி.எஸ். நூறைத் தொட 4.5 விநாடி. ஆஸ்திரேலியாவில் விற்கும் பி.ஒய்.டி. ஷார்க் 6, பெட்ரோலும் மின்சாரமும் கலந்தது, 5.7 விநாடியில் தொடுகிறது. ஆனால் அதன் இழுவை வரம்பு 2,500 கிலோ. ராப்டருக்கும் அங்கே அதே 2,500தான். சாதாரண ஹைலக்ஸ் அங்கே 3,500 கிலோ வரை இழுக்கலாம்.

தோட்டத்துக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஹைலக்ஸின் பின்புறத்தில் அடுக்குத் தகடு ஸ்பிரிங், பாரத்துக்காகவே செய்தது. ராப்டரில் சுருள் ஸ்பிரிங், பாய்ந்து ஓடுவதற்காகச் செய்தது. ராப்டர் வி6 சுமக்கும் மொத்தப் பாரம் ஏறக்குறைய 700 கிலோ. தலைக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் பாதி போய்விட்டது. மீதியில், 20 கிலோ எடையுள்ள செம்பனைக் குலை என்றால் பதினேழு ஏற்றலாம். வாரம் மூன்று முறை குலை ஏற்றும் சிறுதோட்டக்காரருக்கு அது பொருந்தாத வண்டி. தொட்டியில் கூடாரமும் மீன்பிடிச் சாமானும் மட்டும் வைப்பவருக்கு அந்தக் குறை தெரியவே தெரியாது.

எண்ணெய்ச் செலவையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலிய அதிகாரபூர்வக் கணக்கில் ராப்டர் வி6 நூறு கிலோ மீட்டருக்கு 11.5 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது. ஹைலக்ஸ் டீசலுக்கு ஏறக்குறைய 8 லிட்டர். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்தபோது, டீசலின் பழைய மலிவு போனது. சபா, சரவாக் வாசகர்களுக்குக் கணக்கு வேறு, அங்கே 2.15 நீடித்தது.

கடைசியாக, நிறுத்தும் விஷயம். வேகம் 90இலிருந்து நமது நெடுஞ்சாலை வரம்பான 110க்குப் போனால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். காலித் தொட்டியோடு ஓடும் பிக்கப்பின் பின் அச்சில் எடை குறைவு. பெரும்பாலான டீசல் வண்டிகள் தார்ச்சாலையில் பின் சக்கரங்களால் மட்டும் ஓடுபவை. மழையில் நனைந்த வளைவில் 500 நியூட்டன் மீட்டரை ஒரே மிதியில் கொடுத்தால் வால் வீசும். ராப்டர் வி6இல் தேவைக்கேற்ப நான்கு சக்கரத்துக்கும் திறன் பிரிவதால் இந்த ஆபத்து குறைவு.

டயரை மாற்றுபவர்கள் அதன் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும். எச் என்றால் 210 கிலோ மீட்டர் வரை, டி என்றால் 190, எஸ் என்றால் 180. சேற்றுக்கான தடித்த டயர்கள் பலவற்றில் க்யூ என்று இருக்கும். அதன் வரம்பு 160.