வில் இல்லை, பேனா

இன்னைக்கு ஒரே ஒரு ஓவியத்தைப் பற்றிப் பேசப் போறோம். ஆண்டு 1777, ஊர் லண்டன். வரைந்தவர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ. படத்தில் இருப்பவர் அவருடைய நண்பர், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய இசைக்கலைஞர் கார்ல் ஃப்ரீட்ரிக் ஏபல்.

முதலில் அளவைச் சொல்லிடறேன். உயரம் சுமார் ஏழரை அடி. பிரபுக்களும் சீமாட்டிகளும் கம்பீரமாக நின்று, காசு கொடுத்து வரையச் சொல்லும் அளவு அது. ஆனா ஏபல் நிற்கவில்லை, கச்சேரியும் பண்ணவில்லை. மேசையோரம் உட்கார்ந்து இறகுப் பேனாவால் இசைக்குறிப்பு எழுதுகிறார். நடுவில் நிமிர்ந்து ஏதோ யோசனை. அவருடைய வயலா ட கம்பா தொடையில் சாய்ந்திருக்கிறது. பார்க்க செல்லோ மாதிரி, ஆனால் வீணைக்கு இருப்பது போல மெட்டுகள் உண்டு. மேசைக்கு அடியில் ஒரு பொமரேனியன் நாய் படுத்திருக்கு. வீட்டுக்குள்ள நாம எட்டிப் பார்த்த மாதிரி இருக்கு, இல்லையா?

கெய்ன்ஸ்பரோவுக்குச் சோறு போட்டது உருவப்படங்கள்தான். மனசு இருந்தது இயற்கைக் காட்சியிலும் இசையிலும். முகம் வரைந்து வரைந்து அலுத்துப்போச்சு, கம்பாவைத் தூக்கிக்கிட்டு ஏதாவது கிராமத்துக்குப் போயிடணும் என்ற பொருளில், நண்பர் வில்லியம் ஜாக்சனுக்கு ஒரு கடிதமே எழுதியிருக்கிறார். பகல் முழுக்க கோடு எழுதிட்டு ராத்திரி இந்த மைக் முன்னாடி உட்காருகிற எனக்கு அது நல்லாவே புரியுது.

அவர் ஆசைப்பட்ட வாழ்க்கையை வாழ்ந்தவர் ஏபல். 1765 முதல் யோஹான் கிறிஸ்டியன் பாக்கோடு சேர்ந்து லண்டனில் கச்சேரித் தொடர் நடத்தியவர். மனோதர்மமாக வாசிப்பதில் பேர் போனவர். அப்படிப்பட்டவர் கையில் வில்லைக் கொடுக்காமல் பேனாவைக் கொடுத்தார் கெய்ன்ஸ்பரோ. கைதட்டல் வாங்கும் நேரத்தை விட்டுட்டு, யாரும் பார்க்காத உழைப்பு நேரத்தைப் பிடித்தார். நண்பனாகப் பக்கத்தில் இருந்தவருக்குத்தான் இது தோணும்னு நினைக்கிறேன்.

1787-ல் ஏபல் இறந்தார். அடுத்த வருஷமே கெய்ன்ஸ்பரோவும் போயிட்டார். ஏற்கெனவே செல்லோவுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்த கம்பா, அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு மேடையை விட்டே மறைந்திருந்தது. ஏபல் அந்தந்த நேரத்தில் கற்பனையாக வாசித்ததெல்லாம் காற்றோடு போச்சு. இன்னைக்கு நாம அவரைக் கேட்க முடியுதுன்னா, அந்தப் பேனா எழுதி வைத்ததால்தான்.

படம் இப்போ கலிஃபோர்னியாவில், ஹண்டிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கு. முதலில் ஏபலின் கம்பா இசை ஒன்றைத் தேடிக் கேளுங்க. அப்புறம் படத்தைப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.