யோவான் என்னும் பெயர்

யோவான் என்பது எபிரேய மொழியில் தோன்றி, பெரும்பாலும் கிறித்தவ சமயத்தின் வழியாக உலகின் பல பகுதிகளுக்குப் பரவி, சென்ற மொழிதோறும் அம்மொழியின் ஒலியமைப்புக்கு இசைய உருமாறி வழங்கும் ஆண்பால் இயற்பெயராகும். ஆங்கிலத்தில் ஜான், ஜெர்மனில் யோகான், பிரெஞ்சில் ழான், இசுப்பானியத்தில் ஹுவான், இத்தாலியத்தில் ஜொவான்னி, உருசியத்தில் இவான், ஆர்மீனியத்தில் ஹோவன்னஸ், அரபியில் யூஹன்னா, யஹ்யா எனவும், தமிழில் யோவான், அருளப்பன் எனவும் வழங்கும் இவ்வடிவங்களுள் பல, ஒரே பெயரின் வேறுபாடுகள் என்பது கேட்ட அளவில் புலப்படாது. ஒரு பெயர் மொழி கடந்து செல்லும்போது அதன் ஒலி எஞ்சுகிறதா, பொருள் எஞ்சுகிறதா என்னும் வினாவை ஆராய்வோர்க்கு இதைவிடச் செழுமையான சான்று கிடைப்பது அரிது.

இப்பெயரின் மூலவடிவம் யெஹோஹானான். அதன் குறுக்கம் யோஹானான். இறைவனைக் குறிக்கும் 'யாவே' என்னும் பெயரின் சுருங்கிய வடிவம் முன்னும், அருள் புரிதலைக் குறிக்கும் வினைச்சொல் பின்னுமாக அமைந்து, 'யாவே அருள் புரிந்தார்' என்று முழு வாக்கியமாகவே பொருள் தருவது இது. இவ்வாறு தெய்வத்தின் பெயரை உறுப்பாகக் கொண்ட பெயர்கள் இறைப்பெயர்க் கூட்டுகள் எனப்படும். பண்டை மேற்கு ஆசிய மக்களிடையே இவ்வகைப் பெயர்கள் மிகுதியாக வழங்கின. குழந்தை பிறந்ததற்கு நன்றி கூறும் சொல்லே அக்குழந்தையின் பெயராகவும் நின்றது. யோஹானானின் இரு உறுப்புகளையும் முன்பின்னாக மாற்றி அமைத்தால் ஹனனியா என்னும் மற்றொரு விவிலியப் பெயர் கிடைக்கும். தெய்வத்தின் பெயரின்றி அருளைக் குறிக்கும் வேர் தனித்து நின்றதே அன்னாள் என்று தமிழ் விவிலியத்தில் வழங்கும் ஹன்னா. எபிரேயத்துக்கு நெருங்கிய உறவுடைய பினீசிய மொழியைப் பேசிய கார்த்தேஜ் மக்கள் தம் தெய்வமாகிய பாகாலை அதே வேரோடு இணைத்துப் பெயரிட்டனர். உரோமை எதிர்த்துப் போரிட்ட படைத்தலைவன் ஹன்னிபாலின் பெயர் அவ்வாறு அமைந்ததே. யோவானும் ஹன்னிபாலும் தெய்வத்தால் வேறுபட்டாலும் சொல்லமைப்பால் உடன்பிறந்த பெயர்கள்.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் செலூக்கிய அரசை எதிர்த்து எழுந்த மக்கபேயர் குடும்பத்தில் இப்பெயர் இடம்பெற்றிருந்ததும், அவ்வழிவந்த யோவான் இர்க்கான் கி.மு. 134 முதல் 104 வரை யூதேயாவை ஆண்டதும் இப்பெயருக்குப் பெருமதிப்பைத் தேடித்தந்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் யூத ஆண்களிடையே மிகுதியாக வழங்கிய பெயர்களுள் ஒன்றாக இது விளங்கியது. 1968ஆம் ஆண்டில் எருசலேமுக்கு அருகில் ஒரு கல்லறையில் கிடைத்த எலும்புப் பேழையில், குதிகால் எலும்பில் ஆணி பாய்ந்த நிலையில், சிலுவையில் அறையப்பட்ட ஒருவரின் எலும்புகள் காணப்பட்டன. பேழையின்மீது பொறிக்கப்பட்டிருந்த பெயர் யெஹோஹானான். மன்னர்க்கும் குருக்களுக்கும் உரிய பெயராக மட்டுமன்றித் தண்டனைக்குள்ளான எளிய மனிதனின் பெயராகவும் அது இருந்ததற்கு இதனினும் உருக்கமான சான்று வேண்டுவதில்லை.

கிறித்தவ மறைநூலில் இப்பெயரைத் தாங்கியவர் இருவர் தலைமையானவர்: இயேசுவுக்குத் திருமுழுக்கு அளித்த யோவான் ஒருவர், இயேசுவின் சீடரும் நற்செய்தியாளராக மரபு போற்றுபவருமான யோவான் மற்றொருவர். இவர்களுள் முன்னவர் பெயரிடப்பட்ட நிகழ்ச்சியை லூக்கா நற்செய்தி விரித்துரைக்கிறது. பிறந்த எட்டாம் நாளில் உறவினர் குழந்தைக்குத் தந்தையின் பெயரை இட முற்பட, தாய் யோவான் என்றே பெயரிடவேண்டும் என்று கூற, சுற்றத்தில் எவருக்கும் அப்பெயர் இல்லையே என்று அவர்கள் மறுக்க, பேச்சிழந்திருந்த தந்தை செக்கரியா எழுதுபலகையில் அப்பெயரை எழுதிக்காட்டினார் என்பது அந்நூல் தரும் செய்தி. முன்னோர் பெயரைச் சந்ததிக்கு இடும் வழக்கம் அக்கால யூதரிடையே எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை இப்பகுதி காட்டுகிறது.

பெயரின் பொருள் மறையத் தொடங்கியது கிரேக்கத்தில்தான். எபிரேயத்தின் தொண்டை ஒலியைச் சொல்லின் இடையில் எழுதக் கிரேக்கத்தில் எழுத்தில்லை. ஆண்பால் பெயர்க்கு ஏற்ற விகுதியும் தேவைப்பட்டது. ஆகவே யோஹானான் அங்கே இயோவான்னேஸ் ஆயிற்று; இலத்தீனில் யோஹான்னேஸ் என்று எழுதப்பட்டது. இவ்விரு மொழிகளையும் பேசியவர்க்கு அதில் அருளும் கேட்கவில்லை, இறைவனும் கேட்கவில்லை. கேட்டது ஒரு புனிதரின் பெயர் மட்டுமே. பின்வந்த ஐரோப்பியப் பெற்றோர் தம் மக்களுக்கு இதைச் சூட்டியபோது புனிதரின் பாதுகாப்பை வேண்டினரேயன்றிச் சொற்பொருளைக் கருதவில்லை. பெயர்ப்பட்டியல் நூல்கள் 'ஜான் என்றால் கடவுளின் அருள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வேர்ப்பொருளையும் வழக்குப்பொருளையும் கலந்துவிடும் பிழையாகும்.

ஒலிமாற்றங்கள் தற்செயலானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் அவ்வம் மொழியின் வரலாற்றில் காரணம் உண்டு. கிரேக்க வடிவின் ஓகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையே, தமிழ் இலக்கணத்தார் உடம்படுமெய் என்று கூறும் வகரத்தை ஒத்த ஒலி சிலாவிய மொழிகளில் தோன்றியமையால் இவான் பிறந்தது. இத்தாலிய ஜொவான்னியிலும் அவ்வகரம் உண்டு. இலத்தீனின் தொடக்க யகரம் பிரெஞ்சின் பழைய வடிவத்தில் ஜகரமாகத் திரிந்து, நார்மானியர் வழியாக இங்கிலாந்து சென்று, அங்கே நிலைத்தது. பிரெஞ்சிலோ அந்த ஜகரம் பிற்காலத்தில் ழான் என்று இன்று ஒலிக்கும் மெல்லொலியாகியது. இசுப்பானியத்தில் அதே தொடக்கம் தொண்டையிலிருந்து எழும் ஹகரமாக மாறியது. ஜெர்மன் மொழி யகரத்தைக் காத்துக்கொண்டது. ஆனால் நீண்ட யோஹான்னேசின் முற்பகுதி தேய்ந்து ஹான்ஸ் என்னும் குறுவடிவமும் உண்டாயிற்று. அயர்லாந்தில் இலத்தீனிலிருந்து நேரே பெற்ற ஓவன் என்பதும் நார்மானியப் பிரெஞ்சிலிருந்து பெற்ற ஷான் என்பதும் அருகருகே வழங்குவதால், ஒரே பெயரை ஒரே மக்கள் வெவ்வேறு காலங்களில் இருமுறை கடன்பெற்றமை தெளிவாகிறது. வேல்சு மொழியிலும் எவன், ஷோன் என இரு வடிவங்கள் உள்ளன.

கிழக்கே இப்பெயர் கண்ட வரலாறு வேறு. சிரிய மொழி எபிரேயத்துக்கு உறவுமொழி ஆதலால் அங்கே மூல ஒலி பெரிதும் காக்கப்பட்டது. சிரியத் திருச்சபை மரபைச் சேர்ந்த கேரளக் கிறித்தவர்களிடையே வழங்கும் யோகன்னான், உலகன்னான் ஆகியவை அவ்வழி வந்தவை. எத்தியோப்பியாவில் யோகன்னஸ் என்பது அரசர் பெயராகவும் விளங்கியது; அந்நாட்டின் புத்தாண்டு நாள் புனித யோகன்னசின் நாள் என்றும் அழைக்கப்படுகிறது. அரபு மொழி பேசும் கிறித்தவர் யூஹன்னா என்று வழங்க, திருக்குர்ஆன் திருமுழுக்கு யோவானை இறைத்தூதராகக் கொண்டு யஹ்யா என்று குறிப்பிடுகிறது. மர்யம் அத்தியாயத்தில் அப்பெயர் முன்னர் எவருக்கும் இடப்படாதது என்னும் கருத்து அமைந்திருப்பதாக உரையாளர் பலர் கொள்வர். அரபியில் யஹ்யா என்பது 'வாழ்கிறான்' என்னும் பொருளுடைய வினைவடிவோடு ஒத்திருப்பதால், முதிய பெற்றோர்க்குப் பிறந்த மகனுக்கு அது புதிய பொருள் செறிவுடன் பொருந்தியது. புள்ளிகள் இடப்படாத பழைய அரபு எழுத்தில் இரு பெயர்களின் எழுத்துருவும் ஒன்றுபோல் தோன்றும் என்பதைச் சில ஆய்வாளர் சுட்டியுள்ளனர். தமிழ் முசுலிம்களிடையே வழங்கும் யஹ்யா, யாகியா என்னும் பெயர்கள் இவ்வழியில் வந்தவையே.

உரோமைத் திருச்சபையின் தலைவர்கள் மிகுதியாகத் தேர்ந்துகொண்ட பெயரும் இதுவே. 533ஆம் ஆண்டில் பதவியேற்ற ஒருவரின் இயற்பெயர் மெர்க்குரியுஸ். உரோமர் வணங்கிய பழைய தெய்வத்தின் பெயரோடு திருத்தந்தையாக இருப்பது பொருந்தாது என்று கருதி அவர் இரண்டாம் யோவான் என்னும் பெயரை ஏற்றார். பதவியேற்கும்போது பெயரை மாற்றிக்கொண்ட முதல் திருத்தந்தை அவரே. இடைக்காலத்தில் எண்ணிக்கை குழம்பியதால் இருபதாம் யோவான் என்று ஒருவர் இல்லாமலே 1958இல் இருபத்துமூன்றாம் யோவான் பதவியேற்றார்.

இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஆண்களின் பெயர்களுள் இதுவே முதலிடம் பெற்றது. ஓர் ஊரில் பலர்க்கு ஒரே பெயர் அமைந்தபோது வேறுபடுத்தும் வழிகள் தேவைப்பட்டன. ஜாக், ஹான்ஸ், யான், ஜான்னி முதலிய குறுவடிவங்கள் தனிப்பெயர்களாகவே வளர்ந்தன. தந்தையின் பெயரோடு மகன் என்னும் பொருளுடைய விகுதி சேர்க்கும் தந்தைவழிப் பெயர்கள் குடும்பப் பெயர்களாக உறைந்தன: ஆங்கிலத்தில் ஜான்சன், ஜாக்சன், சுவீடனில் யோகான்சன், டென்மார்க்கில் யென்சன், ஹான்சன், உருசியத்தில் இவானோவ், ஆர்மீனியத்தில் ஹோவன்னிசியான். வேல்சில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயரான ஜோன்ஸ் இதிலிருந்தே வந்தது. எவான்ஸ் என்பதும், மகனைக் குறிக்கும் வேல்சுச் சொல் முன்னொட்டாகி மருவிய பெவன் என்பதும் அவ்வாறே. ஐசுலாந்திலோ இவ்வழக்கம் உறையாமல் உயிரோடு இருக்கிறது. அங்கே யோன்சொன் என்பது குடும்பத்தின் பெயரன்று, யோன் என்பவரின் மகன் என்னும் செய்தியே ஆகும்.

ஜெர்மானிய நிலப்பகுதியில் மற்றொரு தீர்வு கண்டனர். திருமுழுக்கில் இரண்டு மூன்று பெயர்கள் இட்டு, யோகான் என்பதை முதலில் வைத்து, பின்வரும் பெயரால் அழைப்பது அங்கு வழக்கமாயிற்று. இசைமேதை யோகான் செபாஸ்டியான் பாக்கின் தந்தை யோகான் அம்புரோசியுஸ். உடன்பிறந்தார் யோகான் கிறிஸ்டோஃப், யோகான் யாக்கோப். மகன்களுள் யோகான் கிறிஸ்டியான், யோகான் கிறிஸ்டோஃப் பிரீட்ரிக் ஆகியோர் அடங்குவர். இக்குடும்பத்தில் யோகான் என்பது எவரையும் தனித்துச் சுட்டவில்லை. ஆளை அடையாளப்படுத்தியது இரண்டாம் பெயரே.

பெண்பால் வடிவங்களும் இதற்கு இணையாக வளர்ந்தன. லூக்கா நற்செய்தியிலேயே யோவன்னா என்னும் பெண் குறிக்கப்படுகிறார். ஜோன், ஜேன், ழான், ஹுவானா, ஜொவான்னா, இவானா, யானா ஆகியவை அவ்வழிப் பெயர்கள். 1431இல் ரூவான் நகரில் எரித்துக் கொல்லப்பட்ட பிரெஞ்சு வீராங்கனையின் பெயரும் அவற்றுள் ஒன்று.

திருமுழுக்கு யோவானின் பிறந்தநாள் சூன் 24 என்று திருச்சபை வகுத்தது. அது வடகோளத்தின் நீண்ட பகற்காலத்தை ஒட்டி அமைந்ததால் பழைய வேனில் விழாக்கள் இப்பெயரை ஏற்றன. லாத்வியாவில் யானி என்னும் அவ்விழாவில் யானிஸ் என்னும் பெயருடைய ஆண்கள் அனைவரும் சிறப்பிக்கப்படுவர். புனிதரின் நாளைத் தம் பிறந்தநாளுக்கு இணையாகக் கொண்டாடும் இவ்வழக்கம் பெயர்நாள் எனப்படும்.

பெயரிடும் உரிமையை அரசு கட்டுப்படுத்திய நாடுகளில் இத்தகைய பழம்பெயர்கள் மேலும் நிலைபெற்றன. பிரான்சில் 1803ஆம் ஆண்டின் சட்டம் நாட்காட்டிகளில் இடம்பெற்ற பெயர்களையும் பண்டை வரலாற்றில் அறியப்பட்டோர் பெயர்களையும் மட்டுமே அனுமதித்தது; அதன் பிடி 1993இல்தான் முற்றிலும் நீங்கியது. அமெரிக்காவில் 1880 முதல் 1923 வரை பிறந்த ஆண்குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்களுள் ஜான் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. 1924இல் ராபர்ட் அதனை முந்தியது. அதன்பின் ஜான் என்னும் வடிவம் தேய்ந்தாலும் ஜாக், இவன், ஷான், இயான் என்னும் கிளைவடிவங்கள் புதுப்பெயர்களாக எழுந்தன. அவற்றைச் சூட்டும் பெற்றோருள் பலர் அவை ஒரே வேரின் கிளைகள் என்பதை அறியாமலே சூட்டுகின்றனர்.

தமிழில் இப்பெயர் இருவழியாக வந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கிறித்தவம் தழுவியபோது போர்த்துக்கீசியப் பெயர்கள் ஒலிவடிவிலேயே வந்தன. சூசை, சந்தியாகு போன்றவை அவ்வாறு வந்து தமிழ் ஒலிக்கு இசைந்தவை. பின்வந்த இயேசு சபைத் துறவியர் மதுரை நாட்டில் மற்றொரு நெறியைக் கைக்கொண்டனர். பெயரின் ஒலியை விடுத்துப் பொருளைத் தமிழாக்குவது அந்நெறி. சிறியவர் என்னும் பொருளுடைய பவுல் சின்னப்பர் ஆனார். முடி என்னும் பொருளுடைய ஸ்தேவான் முடியப்பர் ஆனார். யோவான் அருளப்பர் ஆனார். போர்த்துக்கலில் பிறந்து 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜொவாவ் தெ பிரித்தோ தமிழில் அருளானந்தர் என்னும் பெயர் பெற்றது இம்மரபில்தான். வீரமாமுனிவர் தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றும், சூசையை வளன் என்றும் அழைத்தார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் பெருக்கத்தைக் குறிப்பதால் வளன் என்பது நுட்பமான தேர்வு. அருளப்பன் என்னும் ஆக்கத்தில் இறைவனின் பெயர் நேரடியாக இடம்பெறவில்லை. ஆயினும் தமிழ்ச் சமய மரபில் அருள் என்றாலே அதைத் தருபவன் இறைவன் என்பது பெறப்படுவதால், மூலத்தின் முழு வாக்கியமும் அச்சிறு சொல்லில் அடங்கிவிடுகிறது. பொன்னப்பன், வேலப்பன் என்பவற்றோடு ஒத்து ஒலிக்கும் இப்பெயர் கேட்போர்க்கு அயன்மையாகத் தோன்றவுமில்லை.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட பின், சீர்திருத்தச் சபையினர் மூலமொழி ஒலியைத் தழுவிய வடிவங்களையே கையாண்டு வந்தனர். இதனால் ஒரே நற்செய்தியாளரைக் கத்தோலிக்கர் அருளப்பர் என்றும் சீர்திருத்தச் சபையினர் யோவான் என்றும் நெடுங்காலம் அழைத்தனர். இரு சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் யோவான் என்பதையே ஏற்றது. பொதுமை கருதிய அம்முடிவு ஏற்கத்தக்கதே. எனினும் ஐரோப்பிய மொழிகள் பலவும் ஒலியைக் காத்துப் பொருளை இழந்த இப்பெயரைப் பொருளோடு காத்த அரிய வடிவம் அருளப்பன் ஆதலால், அது ஆலயப் பெயர்களிலும் முதியோர் பெயர்களிலும் மட்டும் ஒடுங்கிவிடாமல் இன்று பிறக்கும் குழந்தைகளுக்கும் இடப்பட வேண்டும்.