9,363,584: பெயர் மாறிய ஓர் எண்

கணித வரலாற்று நூல்கள் பலவற்றில் 9,363,584 என்ற எண் பிரான்சு நாட்டு டேக்கார்ட்டின் பெயரோடுதான் வருகின்றது. 1638இல் மெர்சென் என்ற பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதனையும் இதன் சோடியான 9,437,056ஐயும் தந்தார். ஆனால் 1600ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பாரசீகத்து முஹம்மது பாகிர் யஸ்தி இச்சோடியைக் கண்டிருந்தார். இது நம்மவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

என்ன சோடி இது? சிறிய உதாரணம் 220, 284. 220இன் காரணிகளுள் 220ஐ ஒழித்து ஏனையவற்றைக் கூட்டினால் 284 வரும். 284இற்கும் அவ்வாறே செய்தால் 220 வரும். அரபு அறிஞர்கள் இவற்றை ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள் என்றார்கள். காதலுக்கான தாயத்துகளில் இவை பயன்பட்டதை இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் குறிப்பிடுகின்றார்.

தாயத்தை விட்டுக் கணிதத்துக்கு வருவோம். 901இல் பக்தாதில் மறைந்த தாபித் இப்னு குர்ரா இத்தகைய சோடிகளை ஆக்க ஒரு விதியை நிறுவினார். அவ்விதிப்படி, 64ஐயும் 128ஐயும் தனித்தனியே மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழிக்க 191, 383 கிடைக்கும். 8,192ஐ ஒன்பதால் பெருக்கி ஒன்றைக் கழிக்க 73,727. இம்மூன்றும் முதன்மை எண்களாக இருப்பதால் 128×191×383 ஓர் எண், 128×73,727 மற்றையது. 128இன் காரணிகளின் கூட்டுத்தொகை 255. ஆகவே முதல் எண்ணின் எல்லாக் காரணிகளினதும் கூட்டுத்தொகை 255×192×384, இரண்டாவதினது 255×73,728. 192ஐ 384ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 73,728. இரண்டுக்கும் விடை 18,800,640. இது அவ்விரு எண்களினதும் கூட்டுத்தொகையே. சாதாரண தர மாணவனும் விளங்கிக்கொள்ளக்கூடிய அழகு இது. சிரமம் வேறிடத்தில். 73,727 முதன்மை எண்தானா என்று கையால் சரிபார்க்க 271 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்கவேண்டும். 2ஐ விட்டால் ஐம்பத்தேழு வகுத்தல்கள்!

இடைப்பட்ட 17,296, 18,416 சோடியின் கதையும் இதுதான். 1300ஐ ஒட்டிப் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்பாரிஸியும் மராகிஷில் இப்னுல் பன்னாவும் அதை அறிந்திருந்தனர். பெயர் கிடைத்தது 1636இல் எழுதிய பெர்மாவுக்கு.

இதை வைத்து ஐரோப்பியர் திருடினர் என்று மேடையில் முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பெர்மாவும் டேக்கார்ட்டும் அதே விதியைத் தாமும் கண்டடைந்தார்கள். மேலும் நமது மேடைகளில் எவரும் வாய்திறவாத ஒன்றுண்டு. தாபித் முஸ்லிம் அல்லர். ஹர்ரானைச் சேர்ந்த ஸாபியீ. அவருடைய தாய்மொழி சிரியாக். அவரது திறமையைக் கண்டு பக்தாதுக்கு அழைத்துவந்தவர் பனூ மூஸா சகோதரர்களுள் ஒருவரான முஹம்மது. யஸ்தியின் பெயரை மறைத்தவர்களைக் குறைசொல்லும் நாம் தாபித்தின் மார்க்கத்தை மறைக்கலாமா?

அந்த விதி இதுவரை தந்தவை இந்த மூன்று சோடிகள் மட்டுமே. 1747இல் ஒயிலர் வேறு வழிகளில் பல சோடிகளைச் சேர்த்தார். இவர்கள் அனைவரின் கண்ணுக்கும் தப்பிய 1,184, 1,210 என்ற சிறிய சோடியை 1866இல் கண்டுபிடித்தவன் பகனினி என்ற பதினாறு வயது இத்தாலியச் சிறுவன்.