வெட்டியவர் புகழ், வாரியவர் பங்கு

நம் நாட்டில் ஏரி, குளங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை வெட்டியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கடப்பை மாவட்டத்துப் போருமாமிள்ள ஏரிக் கல்வெட்டு இதற்கு நல்ல சான்று. விஜயநகர இளவரசன் பாஸ்கரன் 1369-இல் பொறித்த அக்கல்வெட்டு, ஆயிரம் ஆட்களும் நூறு வண்டிகளும் இரண்டு ஆண்டுகள் உழைத்ததைச் சொல்கிறது. நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு உறுப்புகளை எண்ணிக் காட்டுகிறது. அந்தப் பன்னிரண்டில் தூர் வாருதல் இல்லை. ஆனால் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஏரியின் ஆயுளைத் தீர்மானித்தது அந்த வேலைதான். கோடை முழுவதும் காய்ந்து பொடியாகிக் கிடக்கும் செம்மண்ணும் குன்றுச் சரிவுகளின் மணலும் முதல் பெருமழையில் கரைந்து ஓடிவருகின்றன. வடகிழக்குப் பருவத்தின் புயல் மழை மிச்சத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. வீட்டு வளாகத்தில் நீச்சல் குளம் கட்டியவர், புழுதி படிந்த மறுநாளே அதைச் சுத்தம் செய்துவிடுவார். ஏனென்றால் அதில் இறங்கப் போவது அவர்தான். பொதுக் குளத்துக்கு அப்படி ஒருவர் தானாக அமைவதில்லை, அமைத்தாக வேண்டும். குளம் தூர்ந்தால் உடனே இழப்புக்கு ஆளாகும் ஒருவர் இருக்கும்வரைதான் குளம் பிழைக்கும் என்பதே இவ்வட்டாரத்தின் வரலாறு காட்டும் பாடம்.

அப்படி ஒருவரை அமைத்த ஏற்பாட்டைத் திருமலைக் கோயில் சுவர்களில் உள்ள, பெரும்பாலும் தமிழில் அமைந்த கல்வெட்டுகளில் காணலாம். விஜயநகரக் காலத்தில் பணக்கொடை தந்தவர்களைப் பற்றிய கல்வெட்டுகள் திரும்பத் திரும்ப ஒரே ஏற்பாட்டைச் சொல்கின்றன. கொடையாளர் கோயில் பண்டாரத்தில் பணம் கட்டுவார். கோயிலை நிர்வகித்த தானத்தார் அதைக் கோயிலுக்குரிய திருவிடையாட்ட ஊர்களில் ஏரி, கால்வாய் வேலைக்குச் செலவிடுவார்கள். நீர் கூடினால் விளைச்சல் கூடும். கூடிய விளைச்சலிலிருந்து கொடையாளர் பெயரில் நாள்தோறும் அமுதுபடி நடக்கும். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு, ‘விட்டவன் விழுக்காடு’ என்ற பெயரில் கொடையாளருக்கோ அவர் குறித்தவருக்கோ சேரும். வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் எழுதிய கட்டுரை, இக்கோயிலை வேளாண் முதலீட்டு நிறுவனமாகவே பார்த்தது. அவர் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு முதலீட்டோடு கூடவே ஒரு காவலையும் உண்டாக்கியது. கால்வாய் தூர்ந்தால் நெல் குறையும்; நெல் குறைந்தால் படையல் குறையும்; படையல் குறைந்தால் பங்குக்காரர் கேள்வி கேட்பார்.

ஊர் ஏரிகளில் இதே வேலையைச் செய்தது தசபந்த இனாம். ஏரியை வெட்டியவருக்கோ பழுதுபார்த்தவருக்கோ அந்த ஏரியின் பாசனத்திலேயே ஒரு பகுதி நிலம் தீர்வையில்லாமலோ குறைந்த தீர்வையிலோ விடப்படும். பெயர் பத்தில் ஒன்றைச் சொன்னாலும் அளவு இடத்துக்கு இடம் மாறியது. நிபந்தனை ஒன்றுதான்: ஏரியைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். கூலி நிலம் அதே ஏரியின் கீழ் இருந்ததுதான் இதன் நுட்பம். கரை உடைந்தால் முதலில் காயும் வயல்களில் இனாம்தாரரின் வயலும் ஒன்றாக இருக்கும். முன்பு பெரும்பாலும் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்து 1911-இல் தனி மாவட்டமான சித்தூரில், ஆங்கிலேய ஆட்சி இந்த இனாம்களை ஒரேயடியாக ஒழித்துவிடவில்லை. ஆனால் பொறுப்பை மெல்ல மெல்ல அலுவலகத்துக்கு மாற்றியது. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் அவர் செய்ய வேண்டிய வேலையின் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்க வழிசெய்தது. பங்கால் நடந்த வேலையைத் தண்டனையால் நடத்தும் முயற்சி அது. 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் வந்தது. அளவை, வரைபடம், மதிப்பீடு எல்லாம் வந்தன. ஏரி தூர்ந்தால் தன் சோற்றில் குறைவு காணும் ஆள் மட்டும் அந்தத் திட்டத்தில் இல்லை.

பழைய ஏற்பாட்டை இப்படிப் புகழ்வது சரியா என்று கேட்கலாம். குடிமராமத்து என்ற பெயரில் எளியவர்களின் உழைப்பு வலுக்கட்டாயமாக வாங்கப்பட்டதும் உண்டு. ஊர் ஒன்றுகூடிக் குளம் காத்தது என்ற சித்திரமே ஓரளவு காலனிய அதிகாரிகள் தீட்டியது என்று தென்தமிழக ஏரிகளை ஆராய்ந்த டேவிட் மோஸ் வாதிடுகிறார். கொடையாளர் பெயர் நிற்கும் கல்லில் மண் சுமந்த ஒட்டர்களின் பெயரைத் தேடிக் காண்பது அரிது. இந்த மறுப்பு நியாயமானது. ஆனால் பங்கு அநீதியாகப் பிரிக்கப்பட்டது என்பதைத்தான் அது காட்டுகிறது. பங்கே தேவையில்லை என்று அதிலிருந்து பெற முடியாது.

இன்னொரு மறுப்பு பணத்தைப் பற்றியது. இன்றும் ஒழுங்காகச் சுத்தமாகும் குளத்துக்குத் திருமலைப் புஷ்கரிணியைத்தான் காட்ட முடியும்; அது பணக்காரக் கோயிலின் குளமாயிற்றே என்பார்கள். ஆண்டுதோறும் பிரம்மோற்சவத்துக்கு முன்னால், வழக்கமாக ஆகஸ்டில், ஏறக்குறைய ஒரு மாதம் குளம் மூடப்படுகிறது. நீரை வெளியேற்றச் சுமார் பத்து நாள், பழுது பார்க்கப் பத்து நாள், மீண்டும் நிரப்பப் பத்து நாள் என்பது தேவஸ்தானத்தின் கணக்கு. பணம் உதவுகிறது, உண்மைதான். ஆனால் பணமுள்ள எத்தனையோ நகரங்களின் குளங்கள் குப்பைமேடாகிக் கிடக்கின்றன. புஷ்கரிணிக்குப் பணத்தோடு ஒரு கெடுவும் இருக்கிறது. பிரம்மோற்சவத்தின் கடைசி நாள் சக்கரத்தாழ்வாரின் தீர்த்தவாரி அந்தக் குளத்தில்தான் நடந்தாக வேண்டும். அன்று நீர் கெட்டிருந்தால் அந்த அவமானம் யாருடையது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்காது.

ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு ஏரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2021 நவம்பர் பதில் சொல்லிவிட்டது. திருப்பதியைப் புரட்டிப்போட்ட அந்த மழையில், விஜயநகரக் காலத்ததாகக் கருதப்படும் ராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த ஊர்களைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஏரியை நாம் மறந்தாலும் வெள்ளம் அதைத் தேடி வரும். கிணற்றுக்கு ஊறும் நீரில் ஒரு பகுதியும் ஏரியில் தேங்கியதுதான். ஆந்திர அரசு 2015-இல் தொடங்கிய ‘நீரு-செட்டு’ போன்ற திட்டங்கள் பொக்லைன் வைத்து ஒருமுறை தூர் எடுக்கும். அடுத்த பெருமழை வண்டலை மறுபடியும் கொண்டுவரும். அந்த வண்டல் வயலுக்கு நல்ல உரம். ஆண்டுதோறும் அதை அள்ளும் உரிமையையும் மீன் குத்தகை வருமானத்தையும், மதகு, வரத்துக்கால் பராமரிப்போடு பிணைத்து ஊரின் சிறு விவசாயிகளுக்கும் நிலமற்றவர்களுக்கும் எழுதிக் கொடுக்கலாம். தசபந்தத்தின் நுட்பம் அதில் இருக்கும். அதன் அநீதி இருக்காது.