உயர்திணைக்குள் ஓர் இடம்: மதுரையில் பாலியல்பும் சமயப்பற்றும்

உடலமைப்பாலோ பாலுணர்வாலோ பெரும்பான்மையோரின் வேறாக அமைந்த இளைஞர் ஒருவர், தாம் பிறந்து வளர்ந்த சமயத்தை விடாமலேயே தம் இயல்பையும் ஏற்று வாழ இயலுமோ என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுகின்றது. இதற்கு விடை கூறுவோர் இரு திறத்தர். நம் முன்னோர் இத்தகையோரைப் போற்றினர், அயலார் சட்டமே இழிவைப் புகுத்திற்று என்பார் ஒரு சாரார். இவ்வியல்பே மேனாட்டிலிருந்து வந்தது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் நூற்சான்றுக்கு முழுதும் ஒத்தன அல்ல. பழமை தந்தது ஓர் இடமேயன்றி முடிந்த முடிபு அன்று. இணக்கத்தை இளைஞர் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை மதுரையைக் களமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். பண்டை நூல்கள் பேடு, பேடி, அலி எனக் குறிப்பன உடலமைப்பையும் ஆண்மை பெண்மைத் திரிபையும் பற்றியன. ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விழையும் தன்பாலீர்ப்பு வேறு. பிறப்பிலேயே உடற்கூறு இருபாலுக்கும் இடைப்பட்டு நிற்கும் ஊடுபால் வேறு. பிறந்த பாலின் நீங்கித் தம்மை உணரும் திருநர் நிலை வேறு. ஒன்றற்குரிய சான்றை மற்றொன்றற்கு ஏற்றிக் கூறுதல் ஆராய்ச்சி நெறியன்று.

இனி இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பாவில் ஆண்மை திரிந்த பெயரையும் தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் ஒருங்கே வைத்து ஓதுகின்றார். இவ்விரண்டிற்கும் தமக்கென உரிய ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே இவை கொள்ளும் என்றும் விதிக்கின்றார். அவற்றுள் ஆண்பால் ஈறு ஆண்மை திரிந்த பெயருக்கு ஆகாது எனப் பின்னர் விலக்குகின்றார். ஈண்டு இரண்டு உண்மைகள் போதருகின்றன. இத்தகையோர் மக்களுள் வைத்து எண்ணப்பட்டனர் என்பது ஒன்று. அவர்க்கெனத் தனிச்சொல் ஈறு மொழியில் அமையவில்லை என்பது மற்றொன்று. தெய்வத்தோடு ஒரே நூற்பாவில் வைத்தமை கொண்டு இவர்கள் தெய்வமாக மதிக்கப்பட்டனர் எனத் துணிதல் பொருந்தாது. சொல்லின் ஈறு பற்றிய ஒப்புமையே ஆசிரியர் கருதியது. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தியார் பெண்மை விட்டு ஆண்மை அவாவும் பேட்டினை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மை அவாவும் பேட்டினைப் பெண்பாலாகவும் வகுத்தபின், இருவகையும் அஃறிணை போலவும் வரும் என உடன்படுகின்றார். உயர்திணையில் இருந்த இடம் நெகிழ்ந்தமைக்கு இது சான்றாகும்.

இலக்கியத்திலும் இவ்விருநிலை உண்டு. மாதவி ஆடிய பதினோராடலுள் காமன் ஆடிய பேட்டு ஆடலும் ஒன்றெனச் சிலம்பு கூறுகின்றது. ஆயினும் ஆங்கிலேயர் வருமுன்னரே தோன்றிய திருக்குறளில் பேடியின் கைவாள் பயனின்மைக்கு உவமையாகின்றது. ஆகவே இழிவு முழுவதும் பின்னர் வந்தது என்னும் கூற்று நில்லாது.

மதுரைச் சமய மரபோ பால்வரம்பைக் கடக்கும் படிமங்கள் பலவற்றை உடையது. வேள்வித் தீயில் மூன்று தனங்களோடு தோன்றிய தடாதகையை மகனுக்குரிய சடங்குகளோடு வளர்த்து மலயத்துவச பாண்டியன் முடி சூட்டக் கருதியதும், அவ்வரசி எண்டிசையும் வென்றதும் திருவிளையாடல் கூறும் வரலாறு. மதுரைக்கு அண்மையதாகிய திருவாதவூரில் தோன்றிப் பாண்டியனுக்கு அமைச்சராய் விளங்கிய மாணிக்கவாசகர் திருவெம்பாவையில் கன்னியர் வாய்மொழியாகப் பாடினார். நம்மாழ்வார் பராங்குச நாயகியாய் நின்று உருகினார். இவையெல்லாம் அடியார் இறைவனை அடையும் நெறிகள். உலகியலில் ஓர் இளைஞர் இன்னவாறு வாழலாம் என்பதற்கு விதிகள் அல்ல. தடாதகையின் மூன்றாம் தனமும் இறைவனைக் கண்டதும் மறைந்தது, அரசி மணமகளாயினாள். எனினும் உடலின் வேறுபாடு தெய்வத்தன்மைக்கு மாறன்று என்னும் எண்ணத்தை நாள்தோறும் மீனாட்சியை வழிபடும் ஊர் தன்னுள் கொண்டிருந்தது என்பது மறுக்க இயலாதது.

இவ்வெண்ணம் வாழ்க்கையில் எவ்வாறு பயன்பட்டது என்பதற்குக் கோபி சங்கர் மதுரையின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும். மதுரைச் செல்லூரில் 1991இல் பிறந்த இவர் தம்மை ஊடுபாலினர் என வெளிப்படையாக அறிவித்தவர். பள்ளிப் பருவம் கடந்ததும் இராமகிருஷ்ணத் துறவியர் நெறியிற் சேர்ந்து சில காலம் இருந்தார். அதன்பின் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றார். மாணவராயிருந்த காலத்திலேயே, 2011இல், சிருஷ்டி மதுரை என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். 2012 சூலையில் மதுரையில் பால்புதுமையர் பேரணி நடந்தது. பால், பாலினம், பாலியல் பற்றி ‘மறைக்கப்பட்ட பக்கங்கள்’ என்னும் நூலைத் தமிழில் எழுதினார். 2016இல் மதுரை வடக்குத் தொகுதியில் சட்டமன்றத் தேர்தலுக்கு நின்றார். மடத்தை விட்டபின் சமயத்தையும் விட்டார் என நாம் எதிர்பார்க்கக்கூடும். அவ்வாறு நிகழவில்லை. சமய மரபையும் தமிழ்ச் சொல்வளத்தையும் தம் வழக்கிற்குத் துணையாகக் கொண்டார். பழைய நூல்களில் விடை ஆயத்தமாகக் கிடந்து அதனைக் கண்டெடுத்தார் என்பதினும், அவற்றிடம் புதிய வினாவை எழுப்பினார் என்பதே பொருந்தும்.

இவ்வினா பின்னர் வழக்குமன்றத்தையும் எட்டியது. ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய தண்டச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, மனமொத்தார் தன்பாலுறவைப் பொறுத்தவரை, 2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றத்தால் வலிவிழந்தது. 2019 ஏப்பிரல் 22இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட மணத்தைப் பதிவு செய்யப் பணித்தார். இந்து மணச் சட்டத்தின் மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் தழுவும் என்றார். இருவரும் இந்து சமயத்தினர். சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமை அவர்க்கும் உண்டு என்பதை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு கொண்டு நிறுவினார். பாலியல்பும் சமயப்பற்றும் ஒன்றையொன்று விலக்கா என்னும் கருத்து இவ்வாறு சட்ட வடிவம் பெற்றது. ஊடுபால் குழந்தைகளுக்குப் பால் திருத்தும் அறுவை செய்தலைத் தடுக்கவும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. அத்தகைய குழந்தை தன் குடும்பத்திலேயே வளர்தல் வேண்டும் என்றும் வற்புறுத்திற்று.

ஆயினும் இல்லங்கள் எளிதில் மாறவில்லை. ஒருவரையொருவர் விரும்பிய மதுரைப் பெண்கள் இருவர் பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னையில் அடைக்கலம் புக நேர்ந்தது. அவ்வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தமக்கே இப்பொருளில் தெளிவில்லை என உணர்ந்து, உளவியலாரிடம் அமர்ந்து கேட்டறிந்தபின் 2021 சூன் 7இல் ஆணை வழங்கினார். பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடுத்தார். தன்பாலர் மணத்திற்கோ 2023இல் உச்சநீதிமன்றம் உரிமை வழங்கவில்லை. கோயிலில் மணந்த திருநங்கை பெற்றதை இப்பெண்கள் பெற இயலாது. முன்னர் யாம் கூறிய வேறுபாடு இன்றும் பொருளுடையது என்பதனை இதனால் அறியலாம்.

இதுகாறும் கூறியவற்றால், தமிழ் மரபு இவ்விளைஞருட் சிலர்க்கு உயர்திணையில் இடம் தந்தது என்பதும், ஆயின் அவர்க்கென ஈறு தரவில்லை என்பதும், சிலரைச் சுட்டவே இல்லை என்பதும் விளங்கும். ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல் இலக்கண நெறியன்று, வழக்கினால் ஆகியது எனத் தொல்காப்பியரே கூறுகின்றார். ‘அவர்’ எனும் அச்சொல் ஆண் பெண் எனப் பிரியாது மதிப்பொன்றையே உணர்த்துகின்றது. இக்கட்டுரையில் கோபி சங்கரைக் குறிக்க நமக்குப் பயன்பட்டதும் அதுவே. இலக்கணம் தாராததை வழக்குத் தரும். அவ்வழக்கு நூலில் மட்டுமன்றி இல்லத்திலும் கோயிலிலும் நிலைபெறும்போது, நம்பிக்கையை இழப்பதா இயல்பை மறைப்பதா என ஓர் இளைஞர் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை நீங்கும்.